உச்சிக்குக் கீழே ஒரு வணக்கம்

சிக்பியோர்ன் தனியாக மலை ஏறிக்கொண்டிருக்கிறார். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரை ஏறிட்டும் பார்க்காத நார்வேக்காரர்கள், மலைப்பாதையில் மட்டும் எதிரே வருகிற எவருக்கும் வணக்கம் சொல்லிவிடுவார்கள். சிக்பியோர்ன் இன்னும் ஒரு படி மேல். மலைக்காற்று பட்டால் மனத்தில் பகை தங்காது என்று அலுவலகத்தில் காபி வேளைதோறும் உபதேசம் செய்கிறவர். உச்சிக்குச் சற்றுக் கீழே, ஒற்றை ஆள் நடக்கிற முகட்டில், ஈரப் பாறைகள் வெயிலில் மின்னுகின்றன. எதிரே ஒரு சிவப்புக் குல்லாய் இறங்கி வருகிறது. அண்ணன் ஆஸ்முன். அம்மா விட்டுப்போன மலைக்குடில் யாருக்கு என்ற சண்டையில் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. மன்னிப்பு சிக்பியோர்னின் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருக்கிறது. அண்ணன் முதலில் கேட்டால் கொடுத்துவிடுவார். ஆஸ்முன் கைத்தடியைக் கல்லில் ஊன்றி, ஒதுங்கி வழிவிடுகிறார். முகத்தில், மலையில் எல்லாருக்கும் கிடைக்கும் அந்தச் சிரிப்பு.

"வணக்கம். நல்ல வெயில்."

"வணக்கம். அருமையான வெயில். மேல எப்படி?"

"காத்து பிச்சு எடுக்குது." அண்ணன் கொஞ்சம் தயங்குகிறார். "முதல் தடவையா இந்த மலைக்கு?"

இதே முகட்டில், பயந்து அழுத தம்பியை முதுகில் சுமந்து ஏறியவர் கேட்கிறார். சிக்பியோர்ன் தோள்பையின் வாரைச் சரிசெய்துகொள்கிறார்.

"ஆமாங்க. முதல் தடவை."

"அப்ப மெதுவா போங்க. கடைசி ஏத்தத்துல புது ஆளுங்க தடுமாறுவாங்க" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு ஆஸ்முன் இறங்குகிறார்.

சிக்பியோர்ன் மறக்காமல் நன்றி சொல்கிறார்.