உள்ளங்கைப் பஞ்சாங்கம்

"உங்க பஞ்சாங்கத்தை இனிமே விக்க முடியாதும்மா," என்றார் மலாக்காவில் கைக்கணினி விற்கும் அஸ்லாம் பாய்.

 அந்தப் பஞ்சாங்க மென்பொருளை எழுதத்தான் உஷாராணி ஃபேக்டரி வேலையையே விட்டிருந்தாள்.

"ஏன் பாய்? போன மாசம்கூட நல்லாத்தானே போச்சு?"

"நீங்க எழுதினது பழைய மெஷினுக்கு. இப்ப எல்லாரும் புது மெஷின்தான் கேக்குறாங்க. அதுல உங்களது ஓடாதே!"

"புதுசுக்கும் எழுதித் தரேன். ரெண்டு மாசம் பொறுங்க."

"கோலாலம்பூர் கம்பெனி ஒண்ணு எழுதியே கொண்டாந்துட்டாங்கம்மா. ராகு காலம், நல்ல நேரம் எல்லாம் தமிழ்லயே காட்டுது."

"விடு உஷா," என்றான் கணவன் வசந்தன். "பெரிய கம்பெனியோட நாம மோத முடியுமா? வா, வீட்டுக்குப் போவோம்."

"ஒரு தடவை பாத்துட்டு வரேங்க."

பாய் அந்தக் கம்பெனிப் பஞ்சாங்கம் ஓடும் புது மெஷினை நீட்டினார். உஷா அதன் குச்சியால் திரையைத் தட்டித் தட்டி ஆடி மாதத்துக்கு வந்தாள். கடைசி வெள்ளியில் கை நின்றது.

'பெரியபாலம் தோட்டத்து மாரியம்மன் திருவிழா.'

அந்த ரப்பர் தோட்டத்தை விற்று, கோயிலை இடித்து நான்கு வருடம் ஆகிறது. எந்த அச்சுக் காலண்டரிலும் அந்தத் திருவிழா கிடையாது. "நான் பொறந்த தோட்டம் உஷா, எனக்காக இதை மட்டும் போடேன்" என்று ஒருவர் கெஞ்சியதால் அவள் சேர்த்தது.

உஷா வசந்தன் பக்கம் திரும்பினாள்.

"என் பஞ்சாங்கத்தை அவங்களுக்குக் குடுத்ததுதான் குடுத்தீங்க. உங்க அம்மனையாவது எடுத்துட்டுக் குடுத்திருக்கலாமேங்க."