அவள் கெட்டித்த தோட்டா

குழலுக்குள் ஈரத்துணியை விட்டு இழுத்தாள். கரி அப்பிக்கொண்டு வந்தது.

அன்றைக்குச் சுட்ட பிறகு இந்தத் துப்பாக்கியை யாரும் துடைக்கவில்லை. அவள் விரலில் ஒட்டியது அவள் புருஷனைக் கொன்ற வெடியின் கரி.

இன்னொரு துணி. இன்னும் கரி.

துணி வெளுப்பாக வந்த பிறகுதான் நிமிர்ந்தாள். குழலில் துளிக் கசடு இருந்தாலும் குண்டு விலகும்.

புருஷனை இந்தக் காட்டில், இதே இடத்தில்தான் கிடத்தியிருந்தார்கள். கழுத்தில் பாதி இல்லை.

பன்றி வேட்டைக்கு அண்ணனும் தம்பியுமாகப் போயிருந்தார்கள். துப்பாக்கி தம்பி சின்னாண்டியின் கையில் இருந்தது. தோட்டா அவள் கெட்டித்தது.

"பன்னிக்குத்தான் குறி வெச்சேன். அண்ணி கெட்டிச்ச தோட்டா எகிறிப் போயி அண்ணன் கழுத்துல பாஞ்சிருச்சு."

பஞ்சாயத்தில் சின்னாண்டி அழுதுகொண்டே சொன்னான். அத்தனை நன்றாக அழுதான். ஊர் நம்பியது. கருமாதி முடிவதற்குள் அண்ணன் பங்குப் பலாத்தோப்பையும் சேர்த்து வேலி போட்டுக்கொண்டான்.

கொன்ற கை பிணத்தைத் தொடக்கூடாது. அந்த மலையில் அப்படி ஒரு கட்டுப்பாடு.

தோட்டா கெட்டித்த கை என்று அவளைத் தொட விடவில்லை.

யாரோ புருஷன் முகத்தைக் கழுவினார்கள். காதுக்குப் பின்னால் காய்ந்திருந்த ரத்தத்தை விட்டுவிட்டார்கள். தள்ளி நின்ற அவளுக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு தன் கையால் பிசைந்த சோற்றையெல்லாம் பாதியில் தள்ளிவைத்தாள்.

அதற்கு முந்தைய மழைக்காலம் முழுக்க அந்தத் தோட்டாவோடு மல்லுக்கட்டியவள் அவள். முதலில் குண்டுகள் ஒரு முறத்தின் அகலத்துக்குச் சிதறின. கருமருந்தைச் சலித்தாள். குப்பியில் அளந்து, கத்தி முதுகால் தலைதட்டினாள். ஈயக்குண்டுகளைத் தராசில் போட்டு, எடை தப்பியதையெல்லாம் திரும்ப உருக்கினாள். அட்டையில் தேன்மெழுகு தடவி அடைத்தாள். ஒருநாள் எல்லாக் குண்டுகளும் ஒரே வெற்றிலைக்குள் விழுந்தன. புருஷன் அவளைத் தூக்கிச் சுற்றினான்.

அந்தத் தோட்டாவா எகிறியது?

ஒருவேளை அன்றைக்கு மட்டும் கை தவறியிருந்தால்?

அந்தக் கேள்வி அவளைத் தின்றது. தாங்க முடியாமல் ஊர்க்கவுண்டர் வாசலில் போய் நின்றாள். அதே கெட்டிப்பில் தோட்டா மிச்சம் இருக்கிறது, சுட்டுப் பார்த்துவிடலாம் என்றாள். எகிறினால் இந்தக் கையை வெட்டிப் போட்டுவிடுவதாகச் சொன்னாள்.

சும்மா சொல்லவில்லை. கொடுவாள் இப்போது அவள் காலடியில் கிடக்கிறது. காலையில் எழுந்ததும் தீட்டியது.

பன்றி நின்றதாகச் சின்னாண்டி காட்டிய இடத்தில் ஒரு பலகையை நட்டிருந்தார்கள். பலகையில் கரிப்பொட்டு. அந்தப் பக்கம் அவள் புருஷன் நின்ற கடுக்காய் மரம். இரண்டுக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி தாராளமாகப் போகும். மரப்பட்டையில் கறை இன்னும் போகவில்லை.

"உங்கண்ணன் நின்ன எடத்துல போயி நில்லு" என்றாள்.

சின்னாண்டி சிரித்தான். கவுண்டர் எதிரில் ஒரு பொம்பளைக்குப் பயந்தவனாக நிற்க அவனுக்கு மனம் வரவில்லை. போய் மரத்தில் சாய்ந்துகொண்டான். கறை அவன் தோளுக்குப் பின்னால் மறைந்தது. பீடி பற்றவைத்தான்.

அவள் சுட்டாள்.

புகை கலைந்தது. கரிப்பொட்டில் ஓட்டை.

துடைத்தாள். மறுபடி சுட்டாள்.

முதல் ஓட்டையை ஒட்டி இன்னொன்று. பலகை பிளந்து சரிந்தது. மரச்சிம்பு ஒன்று தெறித்துச் சின்னாண்டியின் கன்னத்தைக் கீறியது. ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு புகையை ஊதினான்.

பாறையில் உட்கார்ந்திருந்த கவுண்டர் பலகையைப் பார்க்கவே இல்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, இந்தத் தோட்டா எகிறுமுன்னு நீதானே சொன்னே. அங்க நிக்கப் பயமா இல்லியா?"

"எதுக்குப் பயம்? அண்ணி கெட்டிச்சா நூலு புடிச்ச மாதிரி போவும்."

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது.

பீடி நழுவிக் கீழே விழுந்தது.

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு அதைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். புருஷன் செத்த அன்றைக்கு வராத அழுகை இப்போது வந்தது.

கவுண்டர் அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

"தோட்டா மிச்சம் இருக்கா, ஆத்தா?"

"ஒண்ணு இருக்கு."

அவர் எழுந்தார். கொடுவாளைத் தாண்டி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தார். திரும்பவில்லை.

ஓடத்தான் நினைத்தான் சின்னாண்டி. மரத்தைப் பற்றிய கையை விடவில்லை.

"அண்ணி" என்றான்.

அவள் குழலுக்குள் ஈரத்துணியை விட்டு இழுத்தாள். கரி.

"அண்ணி..."

இன்னொரு துணி. இன்னும் கரி.

அவள் அவசரப்படவில்லை.

துணி வெளுப்பாக வந்தது.