வெள்ளை வண்டிக்கு இரண்டு பேர்

காரின் கதவுப்பிடியை அந்த டாக்ஸி டிரைவர் விடவே இல்லை. விட்டால் வேறு யாராவது ஏறிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல நின்றார்.

"கையை எடுங்கண்ணே, கறை படியும்" என்றார் ஷோரூம் மேனேஜர்.

"எட்டு மாசமா காத்திருக்கேன். படிஞ்சா என் வண்டியிலதானே படியுது?"

முன்பு பத்துக் கார்கள் நின்ற கூடம் அது. இப்போது அந்த ஒரே வெள்ளைக் கார்தான் நின்றது. மீதி இடம் காலியாகத் தெரியாமலிருக்க சோபாக்களை இழுத்துப் போட்டிருந்தார்கள்.

சோபாவில் ஓர் இளம் தம்பதி. மனைவி நர்ஸ். ஊரின் மறுகோடியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது, திங்கட்கிழமை சேர வேண்டும். காலை ஷிப்ட் ஆரம்பிக்கும் நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. அவர்களும் இதே காருக்குத்தான் வந்திருந்தார்கள்.

"போர்டுல ஒரு விலை இருக்கு, நீங்க எழுதிக் குடுத்தது வேற விலையா இருக்கே?" என்றான் கணவன்.

"கம்பெனி விலையில நாங்க ஒத்தக் காசு கூட்டலை சார். அதுக்கு மேல இருக்கிறது மேட், சீட் கவர், அடியில கோட்டிங்."

"அதெல்லாம் எங்களுக்கு வேண்டாம்."

"அப்போ வண்டியும் வேண்டாம்னு எடுத்துக்கலாமா?"

கணவனின் முகம் சிவந்தது. "கம்பெனிக்கே எழுதிப் போடுறேன்."

"தாராளமா எழுதுங்க. இப்படி வித்தா ஜனங்க நம்ம பேரைக் கேட்டாலே ஓடிடுவாங்கன்னு அவங்களே எங்களுக்கு வாரம் ஒரு கடிதம் அனுப்புறாங்க. கடிதம் வருது, கார்தான் வரலை. நகத்தளவு எலக்ட்ரானிக் சிப்பு கிடைக்காம அங்க ஆயிரக்கணக்குல அரைகுறையா நிக்குது. எனக்குக் கடை வாடகையும் பசங்க சம்பளமும் அரைகுறையாவா வருது?"

காபி கொண்டுவந்த அம்மா நர்ஸிடம், "சர்க்கரை போடலாமாம்மா?" என்று கேட்டு, இருவருக்கும் கலக்கிக் கொடுத்தாள். டிரைவரை ஒன்றும் கேட்கவில்லை. சர்க்கரை போடாத கோப்பையை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவர் அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மறுபடி கதவைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி" என்றார் கணவனைப் பார்த்து. "என் பழைய கார் ஷெட்டுல செத்துக் கிடக்கு. வாடகைக்கு ஒண்ணை எடுத்து ஓட்டுறேன். வர்றதுல பாதி அந்த ஆளுக்கே போயிடுது. மீதியில என் சம்சாரம் ஒரு வேளை சமைச்சு ரெண்டு வேளைக்கு வெச்சுக்கிறா. உங்களுக்கு வேலைக்குப் போக வண்டி வேணும். எனக்கு வண்டிதான் வேலையே."

குரல் உடைந்தது. பொய் சொல்கிறவனுக்கு அப்படி உடையாது.

நர்ஸ் கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பாவம்ங்க. அவருக்கே விட்டுடலாமா?"

"திங்கக்கிழமை நீ எப்படிப் போவே, பறந்தா?"

மேனேஜர் காரின் சாவியை மேசைமேல் வைத்தார். "இவர் உங்களுக்கு முந்தி புக் பண்ணவர்தான். ஆனா யார் பணம் கட்டுறாங்களோ அவங்க கையிலதான் சாவி. எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

"நீங்க எழுதினதுக்கு மேல இருபதாயிரம் தரேன் சார்" என்றார் டிரைவர்.

"முப்பது" என்றான் கணவன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"முப்பத்தஞ்சு." கதவுப்பிடியில் டிரைவரின் விரல்கள் வெளுத்திருந்தன.

கணவன் மனைவியைப் பார்த்தான். அவள் கை வளையலைச் சுற்றிச் சுற்றித் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு அதைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டுத் தலையாட்டினாள்.

"அம்பது" என்றான் கணவன்.

டிரைவர் கையை எடுத்துவிட்டார். "இதுக்கு மேல என்னால முடியாது சார்."

நர்ஸ் எழுந்து அவரிடம் வந்தாள். "தப்பா நினைக்காதீங்கண்ணே. எங்களுக்கும் வேற வழியில்ல."

"பரவாயில்லம்மா. முதல் சர்வீஸ் வரைக்கும் விரட்டாம ஓட்டச் சொல்லு." அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஷோரூமுக்குப் பின்னால் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கார் வாசலைத் தாண்டி ரோட்டில் ஏறும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஷோரூமின் பின்பக்க ஷெட்டிலிருந்து இரண்டு ஆட்கள் தார்ப்பாயை உருவிவிட்டு இன்னொரு வெள்ளைக் காரைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். டிரைவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் டையைத் தளர்த்திக்கொண்டே வந்தார்.

"அது யாருக்கு சார்?"

"அதுக்கு ஆள் இருக்கு. இந்த மாசம் மொத்தமே ரெண்டுதான் வந்துச்சு."

"அப்போ எனக்கு எப்ப?"

"வரும்ணே. உங்களுக்கு போர்டு விலைதான், மேல ஒரு காசு வேண்டாம். சொன்ன சொல் மாற மாட்டேன்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க."

"இன்னும் நாலு பார்ட்டிக்கு மட்டும் வந்து நில்லுங்க."

மேனேஜர் டையை மறுபடி இறுக்கிக்கொண்டு வாட்சைப் பார்த்தார்.

"மூணு மணிக்கு அடுத்த பார்ட்டி வருது. சட்டையை மட்டும் மாத்திட்டு வந்து கதவைப் பிடிச்சுக்கங்க."