கண்டிக்காரிகள் இருவர்

அமெரிக்காவில், பிளானோவில் எங்கள் ஆபீஸ் லஞ்ச் ரூம். மதிய வெயில் கண்ணாடி வழியாக மேஜைமேல் விழுகிறது. ஃபர்ஸானா டப்பாவைத் திறக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கண்டியில் இப்போது இரவு. திரையில் அவள் அண்ணனுடைய துணிக்கடை எரிகிறது. சுற்றிலும் ஒரு கூட்டம் சிங்களத்தில் கத்துகிறது. "முஸ்லிம் கடையாப் பாத்து எரிக்கிறாங்க, ஜெபினா. இது எங்கட நானாட கடை." "அண்ணன் சேஃபா?" என்கிறேன். "பின்பக்கத்தால ஓடிட்டாராம்." "என்ன கத்துறாங்க?" அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். மைக்ரோவேவிலிருந்து சூடான டப்பாவோடு திரும்பும் நிலூகா, அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அப்படியே நின்றுவிடுகிறாள். அவளும் கண்டிதான், சிங்கள பௌத்தப் பெண். கத்தலின் ஒவ்வொரு சொல்லும் அவளுக்கும் புரியும். ஃபர்ஸானா அவசரமாகச் சத்தத்தைக் குறைக்கிறாள், தப்பு தன்னுடையது என்பதுபோல. நிலூகா அவள் தோளில் கை வைத்து, சிங்களத்தில் மெல்ல ஏதோ கேட்கிறாள். நாலு வருஷமாக இந்த மேஜையில் இரண்டு பேரும் சிங்களத்தில்தான் பேசிச் சிரிப்பார்கள், நான் முழித்துக்கொண்டிருப்பேன். இன்று ஃபர்ஸானா நிமிராமல், "ஐ ஆம் ஓகே, தேங்க்ஸ்" என்கிறாள். எடுப்பதா, விடுவதா என்று தெரியாமல் நிலூகாவின் கை அந்தத் தோளிலேயே இருக்கிறது.