ஓட்டைவாய்

வியாகுலம் தன் படகின் ஏஐக்கு வைத்திருந்த பெயர் ஓட்டைவாய். மீன் கிடைக்கிற இடத்தை அந்தக் கரையில் யாரும் உடன்பிறந்தவனிடம்கூடச் சொல்லமாட்டார்கள். இதுவோ தனக்குத் தெரிந்ததை மற்றப் படகுகளின் ஏஐக்கெல்லாம் சொல்லிவிடும். தெரியாததை வெட்கமில்லாமல் கேட்டும் வாங்கிவிடும்.

நேற்று மாலை மச்சான் சூசை அவர் காதருகே வந்து, "தெக்க போய்ப் பாரும் மச்சான், சாளை மீன் கொட்டிக் கெடக்கு" என்றிருந்தான். ரகசியம் வெளியே போய்விடக் கூடாதென்று, கரையிலேயே ஓட்டைவாயை அணைத்துவிட்டுத்தான் இன்று கிளம்பினார் வியாகுலம். தெற்கே வந்து வலை போடும் நேரத்தில், கீழே என்ன இருக்கிறதென்று பார்க்க அதை எழுப்பினார்.

"கீழே பெரிய கூட்டம் தெரியுது. சாளையான்னு எனக்கு உறுதியாத் தெரியல. அதான் சூசை படகைக் கேட்டேன்."

"அவன்கிட்டயா கேட்ட, பாவி!"

"நேத்து இங்கதான் வலை போட்டாங்களாம். அத்தனையும் கொழகொழன்னு, ஒண்ணுக்கும் உதவாத சொறிமீன். பாரம் தாங்காம வலை கிழிஞ்சுபோச்சாம்."

வியாகுலம் தன் புத்தம்புது வலையை ஒருமுறை தடவிக்கொடுத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தான் மட்டும் ஏமாந்தவனாக இருப்பானேன் என்று வயர்லெஸ்ஸில் அக்கா மகன் மிக்கேலைக் கூப்பிட்டார்.

"மருமவனே, தெக்க ஓடி வா! சாளை கொட்டிக் கெடக்கு!"

"அது சொறிமீன்னு ஒம்ம படகு இப்பத்தான் சொல்லிச்சு மாமா. நீரு என்னையக் கூப்பிடுவீருன்னும் சொல்லிச்சு. அது மட்டும் உறுதியாத் தெரியலன்னுச்சு."