ஒரு சொம்பு ரசம்

உச்சி வெயிலில் பத்மதீர்த்தக் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு, வேட்டி நனைய வந்து உட்கார்ந்தார் சேஷன்.

"இன்னிக்கு நன்னா வேர்த்திருக்கு. விஷம் இறங்கிடும், பாருங்கோ," என்று முதுகைத் துடைத்துவிட்டாள் மனைவி ஆவுடை.

இருபது வருஷம் அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோத்து உடம்பில் ஏறிய விஷம் அது. வேலையை விட்டு ஆறு மாதமாக நடையும் வேது பிடிப்பதுமாக அதை வியர்வையில் இறக்கப் பார்த்தார்கள். ஆனால் வயிற்றுவலி கூடியது. இப்போது மணிக்கட்டும் துவண்டு தொங்கியது.

"ஈறிலே ஈய விஷத்தோட நீலக்கோடு போகலையே! ஓய், அச்சுக்கூடத்துக்கு ஒளிஞ்சு போறீரோ?" என்று கடிந்துகொண்டார், பார்க்க வந்திருந்த வைத்தியர் ஸ்ரீகண்டையர்.

"இவ விட்டாத்தானே போறதுக்கு!" என்றார் சேஷன்.

"வேர்த்த உடம்பாச்சேன்னு மூணு வேளையும் புளி ரசம் கொடுக்கறேன், மாமா. நான் ஒரு துளி தொடறதில்லை. அத்தனையும் இவருக்காக்கும்," என்று பெருமையோடு சொம்பைக் கொண்டுவந்தாள் ஆவுடை.

துணியோடு அதை வாங்கிப் பார்த்த வைத்தியரின் முகம் மாறியது. "ரசம் வைக்கற வெள்ளீயம் இல்லையேம்மா இது! என்ன கனம்! எங்கே வாங்கினது?"

"வாங்கலை. வேலையை விட்டப்போ முதலாளி தேய்ஞ்ச எழுத்தெல்லாம் கொடுத்தார். அதை உருக்கி எனக்காக இவர்தான்..."

"அந்த எழுத்துத்தானேம்மா புளியிலே கரைஞ்சிருக்கு!"

ஆவுடை சுவரோடு சரிந்தாள். சேஷன் துவண்ட கையை மெல்ல நகர்த்தி அவள் கைமேல் வைத்தார்.

"அழாதேடி. ரசம் அமிர்தமாத்தான் இருந்தது."