கையைத் தூக்கிய பிள்ளைகள்

சுமி கையைத் தூக்கியதை லேகா டீச்சரால் நம்பவே முடியவில்லை. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து வகுப்பில் வாயே திறக்காத பெண் அது.

"தேனீக்கள் தங்களுக்குள் செய்தியை எவ்வாறு பரிமாறிக்கொள்கின்றன?" என்று கணீரென்று கேட்டாள் சுமி.

பின்பெஞ்சிலிருந்து நிஜின் எழுந்தான். "நடனத்தின் மூலம் பரிமாறிக்கொள்கின்றன. பூக்கள் இருக்கும் திசையையும் தூரத்தையும் அந்த நடனம் உணர்த்துகிறது."

அந்த எல்லையோரத் தமிழ்ப் பள்ளியைப் பார்வையிட நெய்யாற்றின்கரையிலிருந்து வந்திருந்த கல்வி அதிகாரி அம்மாள் புருவத்தை உயர்த்தினார். லேகா பூரித்துப் போனாள். அச்சில் வார்த்த மாதிரி என்ன தமிழ்! புத்தகம் இந்தப் பிள்ளைகளின் நாக்கை எப்படித் தீட்டிவிட்டது!

ஏழாம் வகுப்பின் புத்தக பீரோவை அவள் திறந்து போட்டுப் பல மாதமாகிறது. எதைப் படிப்பது என்று பிள்ளைகளே முடிவு செய்யட்டும், அவர்களே வாசிக்கட்டும், அவர்களே கேட்கட்டும் என்றாள். பள்ளியைச் சுற்றி ரப்பர் தோட்டம், தோட்டமெங்கும் தேனீப் பெட்டி. பிள்ளைகள் தேனீயைத் தேர்ந்தெடுத்தார்கள். அதோடு சரி. ஒரு கேள்வி கேட்க வேண்டுமே, ஊஹூம்.

தலைமையாசிரியர் விஜயதாஸ் சார் முதல் நாளே சொல்லிவிட்டார். "டீச்சரே, நாம சொல்லணும், பிள்ளைய வாய் தொறக்காமக் கேட்டுட்டு இருக்கணும். அதாக்கும் பள்ளிக்கூடம். இதுவ சொந்தமாப் படிச்சு எப்பம் கரை கேறுகது?"

இன்று அதிகாரி சொல்லப்போவதை வைத்துத்தான் லேகாவின் வாசிப்பு நேரம் தொடருமா நிற்குமா என்பது முடிவாகும். விஜயதாஸ் சார் ஜன்னலோரம் நின்றிருந்தார். பிள்ளைகள் பேசப் பேச அவருடைய உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. பாவம், ஜெபிக்கிறார் என்று நினைத்தாள் லேகா. வாய்தான் எதிர்ப்புப் பேசும், மனசு தங்கம்.

"ஒரு கூட்டில் இரண்டு ராணித் தேனீக்கள் இருந்தால் என்ன நிகழும்?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கும் உடனே பதில் வந்தது.

அப்போதுதான் அனுமோள் எழுந்தாள். கையைக்கூடத் தூக்கவில்லை. அவள் வைத்திருந்த புத்தகத்துக்கு அட்டை போயிருந்தது, பக்கமெல்லாம் மீன்குழம்புக் கறை.

"டீச்சரே, இந்தப் புக்குல ஒரு காரியம் மட்டும் இல்ல. தேனு முழுசும் நம்ம எடுத்தா, பின்ன ஈ என்னத்தத் தின்னும்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. விஜயதாஸ் சாரின் ஜெபம் அப்படியே நின்றுபோனது. லேகாவுக்கு முகம் எரிந்தது.

"அதெல்லாம் பெறவு பாக்கலாம். இரி மக்கா."

"இல்ல டீச்சரே. எங்க வீட்டுக்குப் பொறத்த ரப்பருல பெட்டி வச்சிருக்காவ. மழை தொடங்கினா பெட்டிக்கடியில ஈ கும்பலாச் செத்துக் கெடக்கு. பூவும் இல்ல, தேனும் இல்ல. பட்டினியில சாவுதாண்ணு நான் ரெண்டாமதும் வாசிச்சுப் பாத்தேன். இதுல இல்ல."

அதிகாரி அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். லேகா முந்திக்கொண்டாள். "இரிண்ணு சொன்னேன்லா! மத்த பிள்ளைய எவ்வளவு நல்ல கேள்வியாக் கேட்டிருக்கு. அதுவளுக்க நேரத்தக் களையாத."

அனுமோள் உட்கார்ந்தாள். மறுபடியும் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தாள். மணி அடித்தது.

அதிகாரி அம்மாள் லேகாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கொள்ளாம் டீச்சர், ரொம்ப நல்லாருக்கு. பிள்ளைங்க தானாப் படிச்சுத் தானாக் கேக்குதுங்க. இந்த நேரத்த நிறுத்தவே கூடாது. மத்த பள்ளிக்கூடத்துக்கும் இதச் சொல்லப் போறேன்."

"எல்லாம் டீச்சருக்க உழைப்பாக்கும்," என்றார் விஜயதாஸ் சார். லேகாவுக்குக் கண் கலங்கியது. இந்த மனுஷனைப் போய் முதலில் தப்பாக நினைத்தோமே!

அதிகாரியின் ஜீப் ரப்பர் மரங்களுக்கு நடுவே மறைந்ததும் லேகா அனுமோளைத் தனியே கூப்பிட்டாள். "கேள்வி கேக்கதுக்கும் ஒரு முறை உண்டு மக்கா. சுமி எப்பிடிக் கேட்டா, பாத்தியா? அவளப் பாத்துப் படிக்கணும்."

"செரி டீச்சரே," என்றாள் அனுமோள். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

லேகா திரும்பினால், வராந்தாத் தூணோரம் அகிலேஷ் நின்று தேம்பிக்கொண்டிருந்தான். வகுப்பிலேயே கெட்டிக்காரப் பையன்.

"எதுக்கு மக்கா கரையுத? இன்னைக்கு நல்ல நாளாக்கும்."

"எனக்க கேள்வியக் கேக்க முடியல்ல டீச்சரே. அதுக்கு முந்தி மணி அடிச்சாச்சு."

லேகா உருகிப்போனாள். கேள்வி கேட்க முடியவில்லை என்று ஒரு பிள்ளை அழுவதா! குனிந்து அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். "அதுக்கென்ன, நாளைக்குக் கேளு. கேள்வி எங்க ஓடியா போவுது?"

"நாளைக்கு மேடம் வரமாட்டாவல்லா? ஹெச்.எம். சாரு ஏசுவாரு."

"அவரு எதுக்கு ஏசப் போறாரு?"

"டீச்சரு டிரெயினிங்குக்குப் போன அண்ணைக்கு சாரு வந்து, மேடத்துக்கு முன்ன பள்ளிக்கூடத்துக்கு மானம் போவப்பிடாதுண்ணு எல்லாருக்கும் கேள்வியும் பதிலும் சொல்லித் தந்தாரு. நான் ஒரு எழுத்து விடாம மனப்பாடம் பண்ணியிருந்தேன்."

லேகாவின் கை அவன் கன்னத்திலேயே நின்றுவிட்டது. அகிலேஷ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புகாரை முழுதாகச் சொல்லி முடித்தான்.

"அனுமோளு மட்டுமாக்கும் டீச்சரே, சொந்தமாக் கேட்டது!"